இன்னும் உடையாத எண்

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நெருங்கி. அடுப்பை அணைத்துவிட்டுத்தானே வந்தீர்கள்? சரி. இன்றைக்கு ஒரு துப்பறியும் கதை சொல்கிறேன். இதில் கத்தி கிடையாது, ரத்தம் கிடையாது, முகமூடிக்காரன் கிடையாது. ஓர் எண் இருக்கிறது; பன்னிரண்டு இலக்கம். அதை எழுதி அனுப்பிய கை யாருடையது என்பதுதான் கேள்வி. நடுநடுவே சிரிக்க ஓர் ஆளை வைத்திருக்கிறேன். கடைசியில் அவராலும் முடியாமல் போய்விடும். அதற்கு என்னைத் திட்டக்கூடாது.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே, கரும்புச்சாறு கடைக்கு மேல்மாடியில், 'தேவி துப்பறியும் நிலையம்' என்று ஒரு பலகை தொங்கும். அங்கே இருப்பவள் தேவிப்ரியா. முப்பத்தெட்டு வயது. அதிகம் பேசமாட்டாள். அவளுக்கும் சேர்த்துப் பேசுவதற்கு உதவியாளர் கொளஞ்சியப்பன் இருந்தார். கல்வராயன் மலைக்குப் போகிற மினிபஸ்ஸில் இருபத்திரண்டு வருடம் கண்டக்டர். முழங்கால் வலி வந்து பஸ்ஸை விட்டார், வாயை விடவில்லை.

மாசி மாதத்துக் காலை ஒன்றில் படியேறி வந்தவர் பெயர் தங்கதுரை. மணலூர்பேட்டைக்காரர். நெல்லும் கரும்புமாக ஆறு ஏக்கர். வயது எழுபதை நெருங்கும். ஒரு நீள நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"என் பொண்ணு சுபஸ்ரீயத் தேடித் தரணும்மா."

"காணாமப் போயி எத்தினி நாளாச்சுங்கய்யா?"

"பதினோரு வருஷம்."

"நேத்துதான் கவனிச்சீங்களா?" என்றார் கொளஞ்சியப்பன்.

தேவிப்ரியா முறைத்தாள். பெரியவர் கோபப்படவில்லை. "கேக்க வேண்டிய கேள்விதான் தம்பி," என்றார் மெதுவாக.

சுபஸ்ரீ தாயில்லாமல் வளர்ந்தவள். திருக்கோவிலூருக்குப் பஸ்ஸில் போய்க் கணக்குப் படித்தாள். அங்கே கேட்டதையெல்லாம் சாயங்காலம் அப்பாவிடம் வந்து கொட்டுவாள். எட்டாம் வகுப்போடு நின்றவருக்குப் பகா எண் என்றால் என்னவென்று சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாத எண். அப்படி இரண்டு எண்களைப் பெருக்கி, வந்த விடையை மட்டும் அப்பாவிடம் நீட்டுவாள். "உடைங்கப்பா பார்க்கலாம்." அவர் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து, ஒவ்வொரு எண்ணாகப் போட்டு வகுத்து, உள்ளே இருக்கும் இரண்டையும் வெளியே எடுப்பார். அந்த வீட்டில் கொஞ்சல், சண்டை, சமாதானம் எல்லாம் அதுதான்.

அப்புறம், கரும்பு வெட்ட மலையிலிருந்து இறங்கி வந்த பாவாடை என்பவனை அவள் கட்டிக்கொண்டு போனாள்.

"நம்ப ஆளுங்க இல்லம்மா. மலைக்காரன். இனிமே எங்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது, நானும் பேச மாட்டேன்னு கற்பூரம் ஏத்தி சத்தியம் பண்ணிட்டேன்." பெரியவர் நோட்டைத் தடவினார். "அவ கெட்டிக்காரி. வார்த்தைதான கூடாதுன்னேன்? வருஷா வருஷம் தை மாசம், ஆத்துத் திருவிழா வாரத்துல ஒரு கார்டு வரும். வார்த்தையே இருக்காது. ஒரே ஒரு எண்ணு."

"நீங்க விடை எழுதிப் போட்டீங்களா?"

"மொத கார்டுல அட்ரஸ் எழுதியிருந்தா. கோவத்துல எண்ண மட்டும் குறிச்சிக்கினு, கார்ட கிழிச்சி ஆத்துல வுட்டுட்டேன். அதுக்கப்பறம் வந்ததுல அட்ரஸ் இல்ல, தபால் முத்திரையும் படிக்க முடியாம அழிஞ்சிருக்கும். அப்பாகிட்டதான் கீதேன்னு நெனச்சிருப்பா. யார் வூட்லயும் போய்க் கேக்கவும் எனக்கு வீம்பு."

"பாவாடைங்கிற பேரை வெச்சித் தேடலாமே?"

"மேடம்," என்றார் கொளஞ்சியப்பன், "மலையில பஸ்ஸ நிறுத்தி 'பாவாடை எறங்கு'ன்னு கூவினா பாதி பஸ் காலியாய்டும்."

"இத்தினி வருஷம் இல்லாம இப்ப ஏன் தேடறீங்க?"

பெரியவர் நோட்டைத் திறந்தார். பத்து வருடத்துக் கணக்கும் அதில் இருந்தது. முதல் பக்கத்தில் 4,087. அதன் எதிரே 61 × 67. வருடம் போகப் போக எண் பெரிதாகிக்கொண்டே வந்தது. போன வருடத்துப் பக்கத்தில் 3,96,18,757. அதன் எதிரே 5003 × 7919. நடுவே தாள் தாளாக வகுத்தல். அதை உடைக்க இரண்டு மாதம் ஆனதாம். பத்து எண்களிலும் உள்ளே இரண்டே பகா எண்கள், மூன்றாவது கிடையாது.

கடைசிப் பக்கத்தில் இந்த வருடத்து எண்.

4,09,40,94,09,409 = 7 × 11 × 13 × 101 × 409 × 9901

"எவ்ளோ பெரிய எண்ணு பாரும்மா. நாப்பதாயிரம் கோடிக்கும் மேல. ஆனா ரெண்டே நாள்ல உடைஞ்சிப் போச்சி. அப்பனுக்கு வயசாயிடுச்சி, கண்ணு தெரியாது, கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு சுளுவா குடுத்துருக்கா. அதுக்கப்பறம் எனக்குத் தாங்கல. வீம்பு போதும். இந்தப் பதினோரு விடையும் அவ கையில குடுத்துட்டு அவ மொகத்தப் பாக்கணும்."

"இந்தக் கார்டு எங்கங்கய்யா?"

"ஆடு தின்னுடுச்சி."

"அப்ப ஆட்டத்தான் மொதல்ல விசாரிக்கணும்," என்றார் கொளஞ்சியப்பன். "ஆனா அது கைதேர்ந்த ஆளு மேடம். சாட்சியத்த அசை போட்டுக்கினே கம்முனு நிக்கும்."

தேவிப்ரியா சிரிக்கவில்லை. அவள் கண் 7, 11, 13 என்ற மூன்றிலேயே நின்றிருந்தது.

"ஐயா, கீழ போய் ஒரு கரும்புச்சாறு குடிங்க. இஞ்சி போட்டுத் தருவாங்க."

"என் வயல்லயே கரும்புதாம்மா."

"அப்ப பக்கத்துக் கடையில டீ."

அவர் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை அவள் காத்திருந்தாள்.

"அண்ணே, மூணு இலக்கத்துல ஒரு எண்ணு சொல்லுங்க."

"இரநூத்திப் பதினாறு. என் லைசென்ஸ்ல கடைசி மூணு."

"அதையே ரெண்டு தடவ சேத்து எழுதி, போன்ல ஏழால வகுங்க."

216216. அவர் கட்டைவிரலால் அமுக்கினார். "மீதியில்லாம வருது. முப்பதாயிரத்து எண்ணூத்தி எண்பத்தெட்டு."

"பதினொண்ணால?"

"ரெண்டாயிரத்து எண்ணூத்தி எட்டு. மீதியில்ல."

"பதிமூணால?"

"இரநூத்திப் பதினாறு!" கொளஞ்சியப்பன் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா மேடம் இது, பொறப்பட்ட பஸ் அதே ஸ்டாண்டுக்கே வந்து நிக்குது?"

"எந்த எண்ணா இருந்தாலும் இதான். ஏழு, பதினொண்ணு, பதிமூணு பெருக்கினா ஆயிரத்தொண்ணு. மூணு இலக்கத்த ரெண்டு தடவ எழுதறதும் ஆயிரத்தொண்ணால பெருக்கறதும் ஒண்ணுதான். இந்த மூணும் சேந்து வந்துருக்கறதப் பாத்தா, எனக்கு அந்த வாசனைதான் அடிக்குது. பெரியவர் எண்ண காற்புள்ளியில்லாம படிங்க."

"பன்னெண்டு இலக்கம். அச்சு அசல் ஆதார் கார்டு." அவர் நான்கு நான்காகப் படித்தார். "4094, 0940, 9409. ஒண்ணும் தெரியலியே."

"ஆதார வுடுங்க. டிக்கெட் கட்டுல எப்பிடிப் படிப்பீங்க?"

"கடைசி மூணு மூணாத்தான்." தொண்டையைச் செருமிக்கொண்டு பஸ் ராகத்தில் ஆரம்பித்தார். "நாலு சைபர் ஒம்போது. நாலு சைபர் ஒம்போது. நாலு சைபர் ஒம்போது. நாலு சைபர்..." ராகம் பாதியில் நின்றது.

நானூற்று ஒன்பது, நான்கு தடவை. கோடி, லட்சம் என்று பிரித்துப் போட்ட காற்புள்ளிகளுக்குள் ஒரே முகம் சிதறி ஒளிந்திருந்தது.

"கணக்குப் படிச்ச பொண்ணு இத எழுதுவாளா அண்ணே? மூணு இலக்கத்த நாலு தடவ எழுதினா ஏழு, பதினொண்ணு, பதிமூணு, நூத்தியொண்ணுன்னு தானா நொறுங்கும். அவளுக்குத் தெரியாதா? பத்து வருஷமா உள்ள ரெண்டே எண்ணுதான் வெச்சா. இத அவ எழுதல. எண்ணு பெருசா இருந்தா ஒடைக்கறது கஷ்டம்னு நெனைக்கிற வேற யாரோ எழுதியிருக்காங்க."

"அப்ப அந்தப் பொண்ணு ஏன் எழுதல?"

தேவிப்ரியா நோட்டை மெல்ல மூடினாள்.

"கை சுளுக்கியிருக்கும் மேடம்," என்றார் கொளஞ்சியப்பன், தனக்கே நம்பிக்கையில்லாத குரலில்.

"இருக்கட்டும். ஒரு மூணு இலக்க நம்பர நாலு தடவ எழுதிப் பழகின கை யாரோடதுன்னு சொல்லுங்க."

அவர் நெற்றியைத் தேய்த்தார். சட்டென்று எழுந்து நின்றார்; முழங்கால் கத்தியது. "கடுக்கா மூட்டை! மலை மேல கரியாலூர்க் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போற மூட்டைங்க மேடம். உறுப்பினர் நம்பர மூட்டையோட நாலு பக்கமும் மையில எழுதியாவணும். எந்தப் பக்கம் உருட்டிப் போட்டாலும் யார் மூட்டைன்னு தெரியறதுக்கு. இருபத்திரண்டு வருஷம் பஸ் கூரையில ஏத்தியிருக்கேன். என் முழங்காலே அதுக்குச் சாட்சி."

*

"நாங்க ரெண்டு பேரும் மேல போய்ப் பாத்துட்டு வந்து சொல்றோம்யா," என்று தேவிப்ரியா சொல்லிப் பார்த்தாள். பெரியவர் அதற்குள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்தார். கையில் புதிதாக ஒரு பை. அதில் இரண்டு முழம் பூ, ஒரு கிலோ லட்டு.

மலை ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. மரவள்ளிக் காடுகள் சரிவில் இறங்கின. ஒவ்வொரு வளைவிலும் பெரியவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார், மகள் அங்கேயே நிற்பாள் என்பதுபோல.

"அவளுக்கு இப்ப முப்பத்திமூணும்மா," என்றார். "மூணு, பதினொண்ணு. உள்ள ரெண்டே எண்ணு. நல்ல வயசு."

தேவிப்ரியா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கரியாலூரில் சங்கத்துக் கிடங்கின் முன்னால் ஜீப் நின்றது. கொளஞ்சியப்பன் பெரியவரிடம் தன் முழங்காலின் வரலாற்றை ஆரம்பித்து அவரை வண்டியிலேயே இருத்திவைத்தார். தேவிப்ரியா மட்டும் உள்ளே போனாள். மேசையில் பிரவீன்குமார் என்ற இளைஞன் உட்கார்ந்திருந்தான்; சுவரோரம் மூட்டைகள், ஒவ்வொன்றிலும் நான்கு பக்கமும் கறுப்பு மையில் எண்கள்.

"நானூத்தி ஒம்போது யாரோடதுங்க?"

"எலந்தவளவு பாவாடையோடதுங்க. இங்கேர்ந்து மூணு கிலோமீட்டர்." அவன் பதிவேட்டைக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க யாரு? சுபஸ்ரீ அக்காவுக்குச் சொந்தமா?"

"ஆமா."

"மாசத்துக்கு ஒருவாட்டி வந்து எங்க பதிவேட்டுல கூட்டல் தப்பெல்லாம் கண்டுபுடிச்சித் திட்டிட்டுப் போவும். சிரிச்சிக்கினேதான் திட்டும்." அவன் குரல் தாழ்ந்தது. "போன ஐப்பசியில தவறிப்போச்சிங்களே. மூணு நாள் காய்ச்சல். மழையில ரோட்டுல மண்ணு சரிஞ்சி வண்டி எறங்க முடியல. உங்களுக்குச் சேதி வரலீங்களா?"

கிடங்கிலிருந்து ஜீப்புக்கு இருபது அடிதான். தேவிப்ரியாவுக்கு அது ஒரு மைலாக இருந்தது. எப்படி ஆரம்பிப்பது? எந்த வார்த்தையை முதலில் வைப்பது? பெரியவர் கண்ணாடியில் பார்த்துத் தலை சீவிக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சீப்பு நின்றது.

"அவ எழுதல. அதான?"

அவள் ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்மா. ஆயிரத்தொண்ணு கதைய எனக்குச் சொல்லிக் குடுத்தவளே அவதான். கார்டு வந்த அன்னிக்கே தெரிஞ்சிடுச்சி, இது அவ கணக்கு இல்லன்னு." சட்டைப் பையிலிருந்து ஓர் அஞ்சலட்டையை எடுத்தார். மடிப்பில்லாமல், கசங்காமல் இருந்தது. "ஆடு தின்னல. இதப் பாத்துக்கினே இருக்க முடியல. நோட்டுல காற்புள்ளி போட்டு எழுதிக்கினேன். அப்பிடி எழுதினா நாலு தடவ வர்றது கண்ணுல படாது பாரு. நான் கெழவன், எங்கியோ தப்பாப் போட்டுட்டேன், அவதான் எழுதியிருக்கான்னு நீ சொல்லுவன்னு வந்தேன்." அட்டையைத் திரும்பப் பைக்குள் வைத்தார். "இருக்காளாம்மா?"

"இல்லீங்கய்யா."

கொளஞ்சியப்பன் ஏதோ சொல்லப் போனார். வார்த்தை வரவில்லை. பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பெரியவர் பூ இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு, "வண்டிய அந்த ஊருக்கு வுடச் சொல்லு," என்றார்.

*

எலந்தவளவில் பதினைந்து வீடு. கடைசி வீட்டு வாசலில் பாயில் கடுக்காயைக் காய வைத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். பெரியவரை அடையாளம் தெரிந்ததும் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எழுந்தான். அவர் வயலில் கரும்பு வெட்டியவன்தானே.

"வாங்க," என்றான் பாவாடை. உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான்.

பெரியவர் வாங்கிக் குடித்தார். "எங்க வெச்சிருக்கீங்க?"

வீட்டுக்குப் பின்னால் மேட்டில், பலா மரத்தடியில், கல் அடுக்கிய மண்மேடு. பெரியவர் பூவை வைத்தார். பதினோரு வருடத்துச் சத்தியத்தை அங்கே உடைத்தார். "சுபா," என்றார். ஒரே வார்த்தை. அதற்குப் பதில் வராது என்பது தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்தபோது பாவாடை தானாகவே சொல்ல ஆரம்பித்தான். யாரும் அவனை விசாரிக்கவில்லை.

"காய்ச்சல்ல படுத்திருக்கசொல்ல உங்க பொண்ணு இது ஒண்ணுதாங்க சொல்லிச்சி. கார்டு நின்னா எங்கப்பா பயந்துக்குவாரு, நிறுத்திடாதன்னு. எனக்குக் கணக்கு வராதுங்க. அது எழுதி வெச்ச பழைய எண்ணெல்லாம் எடுத்துப் பாத்தேன். ஒண்ணு, மூணு, ஏழு, ஒம்போது, இதுலதான் முடியுது. ரெட்டையிலயும் முடியல, அஞ்சுலயும் முடியல. எனக்குத் தெரிஞ்சி ஒம்போதுல முடியறது என் மூட்டை நம்பர்தான். அத மட்டும் எழுதினா சின்னதாப் போயிடும், சீக்கிரம் உடைஞ்சிடும்னு மூட்டையில போடற மாதிரி நாலு தடவ எழுதினேன். பெருசா இருந்தா உங்களுக்கு ரொம்ப நாளு ஓடும்ல? அதுவரைக்கும் அது உசுரோட இருக்கற மாதிரியே இருக்கும்ல?"

பெரியவர் தன் நோட்டை மடியில் எடுத்து வைத்தார்.

அவன் உள்ளே போய் ஒரு நோட்டைக் கொண்டுவந்தான். இடது பக்கம் சுபஸ்ரீயின் கையெழுத்தில் எண்கள், ஒன்றின் கீழ் ஒன்றாகப் பத்து. ஒவ்வொன்றுக்கும் நேராக வலது பக்கம் காலி.

"உங்க விடை வந்தா எழுதறதுக்கு எடம் வுட்டு வெச்சிதுங்க. தை முடிஞ்சா போதும், போஸ்டாபீசுக்குப் போய் எனக்கு கார்டு வந்துதான்னு கேட்டுக்கினு வரும். ஆடி வரைக்கும் கேக்கும். அப்பறம் அடுத்த எண்ண யோசிக்க ஆரம்பிச்சிடும்."

பெரியவர் பேனாவை எடுத்தார். தேவிப்ரியா நோட்டைப் பிடித்துக்கொண்டாள். 4087 என்றதன் எதிரே 61, 67 என்று எழுதினார். அடுத்ததை எழுதினார். அதற்கடுத்ததை. தன் நோட்டை அவர் பார்க்கவே இல்லை. இருபது எண்ணும் மனப்பாடம். பத்தாவது வரிக்கு நேராக 5003, 7919 என்று எழுதி முடித்தபோது மை இரண்டிடத்தில் நனைந்து பரவியிருந்தது.

பத்துக்குக் கீழே பதினோராவது ஒன்று இருந்தது. வேறு கையெழுத்து. மூட்டையில் எழுதுவதுபோல் தடித்த, கோணலான இலக்கங்கள். நானூற்று ஒன்பது, நானூற்று ஒன்பது, நானூற்று ஒன்பது, நானூற்று ஒன்பது. அதற்கு நேராகவும் அவன் இடம் விட்டிருந்தான்.

பேனா அதன் மேல் நின்றது.

"அது..." பாவாடை நோட்டின் பக்கம் குனிந்தான். "அது உடைஞ்சுதுங்களா?"

கொளஞ்சியப்பன் குனிந்து பாயிலிருந்த கடுக்காயை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட ஆரம்பித்தார், தன்னிடம் யாரோ அந்த வேலையைக் கொடுத்ததுபோல.

பெரியவர் அந்தக் கோணல் எழுத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார்.

"இல்லப்பா. இது இன்னும் உடையல."

"நெசமாவா?"

"ராத்திரி பகலாப் போட்டுப் பாத்துட்டேன். அசையல. அவ குடுத்ததெல்லாம்கூட ரெண்டு மாசத்துல வந்துடுச்சி. இது பலமான எண்ணுப்பா."

பாவாடை துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. அவள் போன நாளிலிருந்து அவன் செய்த ஒரே ஒரு காரியம் சரியாக அமைந்துவிட்டது என்று அவனுக்கு இப்போதுதான் ஒருவர் சொன்னார்.

பெரியவர் லட்டுப் பையை அவன் பக்கம் நகர்த்தினார். "எனக்குக் கொஞ்சம் நாளு குடு. கார்டுல எல்லாம் எழுதிப் போட மாட்டேன். அப்பப்ப நானே வந்து, எது வரைக்கும் வந்திருக்குன்னு சொல்றேன். இந்த எடத்த அப்பிடியே வுட்டு வை."

"வுட்டு வெக்கிறங்க," என்றான் அவன் துண்டுக்குள்ளிருந்து.

அவ்வளவுதான், கண்ணுகளா. மூக்கைத் துடைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்கு வரும் கடிதம் எதுவும் கோபத்தில் கிழியாதிருக்கட்டும். உங்கள் வாசலில் வந்து நிற்பவர் எந்த ஊர், எந்தச் சனமானாலும் அவருக்கு ஒரு செம்புத் தண்ணீர் உங்கள் வீட்டில் எப்போதும் இருக்கட்டும். பிள்ளைகள் பெற்றவர்களுக்கு முந்தாதிருக்கட்டும். உங்கள் குடும்பத்தில் ஒரு தலைகூடக் குறையாமல், வருஷத்துக்கு வருஷம் கூடி, எல்லோரும் நன்றாக இருங்கள்.